புளி படக்கூடாத மேடை

கல்மண்டபத்தில் வெள்ளை வேட்டி கட்டுகிறவனையே நாங்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்போம். எண்ணூர்ப் பக்கத்துச் சாம்பல் காலையில் ஒரு தரமும், கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி நாள் முழுக்கவும் வந்து உட்காரும் ஊர் இது. எங்கள் தெருவில் ஒரு வெள்ளைப் பூனைக்குட்டி பிறந்தது. மூன்றாம் நாள் அதன் தாயே அடையாளம் தெரியாமல் அதைப் பார்த்துச் சீறியது.

இப்படிப்பட்ட ஊரில் அடுப்பு மேடைக்கு வெள்ளை இத்தாலி மார்பிள் போட்ட புத்திசாலி ஒருவன் இருக்கிறான். பெயர் ரஞ்சித். என் அக்கா மகன். என் மகள் நீலாவைக் கட்டியவன். எந்தப் பக்கம் சுற்றி வந்தாலும் அவன் எனக்குச் சொந்தமாகிவிடுகிறான், தப்பிக்க வழியில்லை. அவனுக்கு ஒரு விசைப்படகு உண்டு. அவர்கள் மாடியில், நான் கீழ் வீட்டில்.

கல்லைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. படகில் ஏறுவதற்கு முன்பே, கரையில் நின்றபடியே வாந்தி எடுப்பேன். அதனால் திருவொற்றியூரில் ஒரு கல் பட்டறையில் சேர்ந்து நாற்பத்தொரு வருஷம் பாலீஷ் போட்டேன். நான் பாலீஷ் போட்ட கருப்பு கிரானைட் ஒன்றில் தன் முகத்தைப் பார்த்த ஒரு காகம், பட்டறையை விட்டுப் போக மறுத்து ஏழு மாதம் அந்தக் கல்லுக்கு இரை கொண்டுவந்து வைத்தது. கல் விற்றுப்போன அன்று அதுவும் லாரியில் ஏறிப் போய்விட்டது. நம்பாதவர்கள் நம்பவேண்டாம். காகத்துக்கு அதனால் ஒன்றும் நஷ்டமில்லை.

வருஷத்தில் அறுபத்தொரு நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாது, அரசாங்கத் தடை. அந்த நாட்களில் படகுக்காரர்கள் வலையைச் சரிபார்ப்பார்கள், படகுக்கு வர்ணம் அடிப்பார்கள், கெடுக்க வேறு எதுவும் மிச்சமில்லாதபோது வீட்டைக் கெடுப்பார்கள். ரஞ்சித், மீன் ஏற்றுமதி செய்யும் யாரோ ஒருவரின் புது வீட்டுக்குப் போய், அங்கே பால் போல ஒரு அடுப்பு மேடையைப் பார்த்துவிட்டான். அந்த வீட்டில் சமையல் பின்னால் வேறொரு அறையில் நடக்கிறது என்பதை மட்டும் பார்க்கவில்லை. முன்பக்கத்தைப் பார்த்தாலே முழுசும் பார்த்தாகிவிட்டது என்று திரும்பி வருகிற வம்சம் அது. என் அக்கா வீட்டுக்காரர் வழி.

இருபத்திரண்டு வருஷமாக இருந்த கடப்பா கல் மேடையைப் பெயர்த்தான். அந்தக் கல் எத்தனை குழம்பைக் குடித்திருந்ததென்றால், அதை ஏற்றிப் போன குட்டி யானை வண்டியின் பின்னால் நாலு பூனைகள் டோல்கேட் வரைக்கும் போயின. இப்போது தண்டையார்பேட்டையில் ஒரு டீக்கடை வாசலில் அது படிக்கல். அதில் நின்று டீ குடிக்கிறவர்கள் எல்லாரும் சோறு இருக்கிறதா என்று கேட்பதாகக் கடைக்காரர் அலுத்துக்கொள்கிறார்.

"கருப்புக் கல்லு இன்னா பாவம் பண்ணுச்சி?" என்று நீலா கேட்டாள்.

"அது கலீஜா கீது. இது பாரு, எப்டி பளபளன்னு கீது!"

"பளபளன்னு கீறதுல நான் மீன் ஆய முடியுமா?"

"நீ ஏன் இன்னும் மீன்காரி மாதிரியே பேசினுகிற?"

"நான் கட்டிக்கினது இன்னா கலெக்டரையா?"

பேச்சில் மாட்டிக்கொண்டால் ரஞ்சித் ஒரு துணியை எடுத்து எதையாவது துடைப்பான். கல் வந்த நாளிலிருந்து துடைப்பதற்கு ஒரு பொருளும் கிடைத்துவிட்டது.

கல்லோடு ஒரு ஆளும் வந்தான். ஜோபின். கல் விற்ற கடை அனுப்பிய பராமரிப்பு ஆலோசகன். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன் போல நீலக் கையுறை, கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஆறு புட்டிகள். நாற்பத்தொரு வருஷத்தில் நான் கல்லுக்குக் கொடுத்த மருந்து தண்ணீரும் என் வியர்வையும்தான். இவன் கல்லின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றான். பிறந்த குழந்தைக்கு நாடி பார்க்கிற முகம்.

"சார், இது மார்பிள். சுண்ணாம்புச் சத்து. புளிப்பு எது பட்டாலும் அரிச்சிரும். அது கறை இல்ல சார், காயம். துடைச்சாப் போகாது."

"புளிப்புன்னா?" என்றாள் நீலா.

"புளி, எலுமிச்சை, தக்காளி, தயிர், வினிகர். எதுவும் படக்கூடாது மேடம். மஞ்சத்தூள் பட்டா நிறம் ஏறிரும். எண்ணெய் சிந்துனா உடனே ஒத்தி எடுக்கணும், தேய்க்கக்கூடாது. தேங்கா நார், சாம்பல், சோப்புத் தூள் கூடாது. சூடான சட்டியை நேரா வைக்கக்கூடாது. ஆசிட்டை வீட்டுக்குள்ளயே கொண்டு வராதீங்க."

"அப்ப இது மேல இன்னா தான் செய்றது?"

ஜோபின் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஒரு கூடையில பழம் அடுக்கி வைக்கலாம் மேடம். ஆரஞ்சு மட்டும் வேண்டாம்."

அவன் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதுதான் எரிச்சல். உண்மையைக் கூட இவ்வளவு அருவருப்பாகச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போகும்போது அந்த ஆறு புட்டிகளோடு ஒரு டப்பா மெழுகு பாலீஷையும் விற்றுவிட்டுப் போனான். மாதம் ஒரு தரம் போதும் என்றான். ரஞ்சித் தினம் மூன்று வேளை தடவினான். அவன் அம்மா சாகக் கிடந்தபோது கூட இத்தனை முறை தைலம் தேய்த்தவன் இல்லை.

பிறகு மாடியில் சமையல் நின்றது. நீலா கீழே இறங்கி வந்து, என் வீட்டுக் கடப்பா மேடையில் ஆக்கி மாடிக்கு எடுத்துப் போனாள். எனக்கு இரண்டு வேளை சுடச்சுடச் சாப்பாடு கிடைத்ததால் நான் நியாயம் எதுவும் பேசவில்லை. மாடியில் ரஞ்சித் தோளில் துண்டோடு ஜன்னலடியில் நின்று, சாம்பல் வந்து உட்கார்வதற்காகக் காத்திருந்தான்.

முதல் காயத்தை ஏற்படுத்தியவனும் அவனேதான். ஒரு காலை வயிறு சரியில்லை என்று எலுமிச்சம் பழம் பிழிந்து சோடா குடித்திருக்கிறான். டம்ளர் அடியில் ஈரம். எடுத்தபோது கல்லில் வட்டமாக ஒரு மங்கல். ஆறு புட்டியையும் ஊற்றித் துடைத்துவிட்டு என்னிடம் ஓடி வந்தான்.

"மாமா, கொஞ்சம் வந்து பாரேன். இது போவுமா?"

போய்ப் பார்த்தேன். நைசான பாலீஷ் தூளைப் போட்டு ஈரத் துணியால் அரைமணி நேரம் தேய்த்தால் போகிற சமாசாரம். என் பழைய பெட்டியில் தூள் இருந்தது. ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எண்ணூர்ல ஒரு இன்ஜினீயரு வூட்டுல இப்டித்தான் ஆரம்பிச்சிது. புளிப்பு உள்ள பூந்துச்சின்னா நிக்காது. ஒவ்வொரு அமாவாசைக்கும் வட்டம் ஒரு அங்குலம் பெருசாவும். மூணாவது மாசம் அந்தம்மா இட்லி குண்டானை வச்சிது. கல்லு, அலமாரி, தரை எல்லாத்தையும் பொத்துக்கினு கீழ் வூட்டுல போய் குந்திச்சி. கீழ் வூட்டுக்காரன் பத்து இட்லிய எடுத்துக்கினுதான் குண்டானைத் திருப்பிக் குடுத்தான்."

பாதி சொல்லும்போதே சிரித்துவிடுவான் என்று நினைத்தேன். அவனுக்கு வியர்த்தது.

"கீழ் வூட்டுல நீதான மாமா கீற?" என்றான்.

இப்படிப்பட்டவனை என்ன செய்ய முடியும்? நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

தடைக்காலம் முடிந்தது. இந்தப் படகில் ரஞ்சித்தின் அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம். தடை முடிந்து போகிற முதல் ஓட்டத்தில் விழும் மீனில் ஒரு கூடை ஏலத்துக்குப் போகாது. முதலாளி வீட்டு அடுப்பில் குழம்பாகும். படகில் போன ஒன்பது பேரும் முதலாளி வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பிட்டால் அந்த வருஷம் முழுக்க அந்தப் படகு. சாப்பிடாவிட்டால் யாருக்கும் யாரும் கட்டுப்பட்டவர் இல்லை, பையைத் தூக்கிக்கொண்டு எந்தப் படகிலும் ஏறலாம்.

படகு ஓட்டுகிறவன் பாஸ்கர். அவன் இல்லையென்றால் ரஞ்சித்தால் கோவில் குளத்தில் கூட மீனைக் கண்டுபிடிக்க முடியாது. பாஸ்கருக்குத் தினம் டீ வாங்கிக் கொடுக்க காசிமேட்டில் இரண்டு முதலாளிகள் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். கிளம்புகிற அன்று பாஸ்கர் எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னான்.

"மாடி அடுப்பு பத்தறதே இல்லியாமே? நெஜமா?"

"கீழ ஆக்கறோம். எல்லாம் ஒரே வூடுதான?" என்றான் ரஞ்சித்.

"கீழ ஆக்குனா அது பெருசு வூட்டு சோறு. பெருசு இன்னா படகா வச்சிகினு கீது? அதுக்குப் படகப் பாத்தாலே வாந்தி." எனக்குக் கேட்கவேண்டும் என்றே சத்தமாகச் சொன்னான். "மொதலாளி, உன் அடுப்பு, உன் பொண்டாட்டி கை, புளி ஊத்துன குழம்பு. இல்லாங்காட்டி நாங்க சலாம் போட்டுட்டுப் போய்க்கினே இருப்போம். அப்பால பேஜார் பண்ணக்கூடாது."

படகு போன பிறகு நீலா ரஞ்சித்தைப் பார்த்தாள். "கல்லா படகா, நீயே சொல்லிடு. சட்டிய எந்த அடுப்புல வைக்கறதுன்னு எனக்குத் தெரியணும்."

அவன் ஜோபினுக்குப் போன் போட்டான். கல்லுக்கு மேலே ஏதாவது பூசினால் புளியைத் தடுக்குமா என்று கேட்டான். சீலர் என்கிற பூச்சைப் போட்டால் கறை இறங்காது, ஆனால் புளிப்பு அரிப்பதை அது நிறுத்தாது என்று அந்தப் பையன் நேர்மையாகச் சொன்னான்.

"அப்ப இன்னாதான் நிறுத்தும்?"

"புளி ஊத்தாம இருந்தா நிக்கும் சார்."

நானாக இருந்தால் ஒரு பலகையை வாங்கி மேலே போட்டிருப்பேன். பத்து வீடு தள்ளிக் கேட்டாலும் யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள். ஆனால் படகுக்காரனுக்கு உலகத்தில் தெரிந்த பாதுகாப்பு ஒன்றே ஒன்று. கடல் தண்ணீரைத் தடுப்பது எதுவோ அது எல்லாவற்றையும் தடுக்கும். மறுநாள் காலை, துறைமுகத்தில் படகுகளுக்கு ஃபைபர் அடிக்கும் மணியைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

மணி, மார்பிளைப் பார்த்தான். ரஞ்சித்தைப் பார்த்தான். "இதுக்கா?"

"படகுக்கு அடிக்கிற மாதிரியே அடி. ஒரு சொட்டு உள்ள போவக்கூடாது."

"அப்ப மொதல்ல உப்புத்தாள் போட்டு சொரசொரப்பாக்கணும். இல்லாங்காட்டி புடிக்காது."

"உப்புத்தாள் இது மேல பட்டுச்சி, உன் கைய எடுத்துருவேன்."

மணி தோளைக் குலுக்கிக்கொண்டான். கூலி கொடுக்கிறவன் முட்டாளாக இருந்தால் வேலை சுலபம் என்பது எல்லாத் தொழிலிலும் உள்ளதுதான். கண்ணாடி நார்ப் பாயை விரித்தான், பிசினைக் கலக்கி ஊற்றினான், உருளையால் தேய்த்தான். கையில் இருந்தது படகுக்கு அடிக்கும் நீலம் மட்டும்தான். மத்தியானத்துக்குள் இத்தாலி மார்பிள், காசிமேட்டுப் படகின் முதுகு மாதிரி ஆகிவிட்டது. வெளிநாட்டுக் கல்லுக்குப் பதிவு எண் எழுதுவதுதான் பாக்கி.

"சூப்பரா கீது," என்றான் ரஞ்சித்.

"நல்லா காயட்டும். நாளைக்கி சாயங்காலம் வரைக்கும் நெருப்பு பத்த வைக்காதீங்க. இந்த வாடைக்கு குபீர்னு புடிச்சிக்கும்," என்று சொல்லிவிட்டு மணி போய்விட்டான்.

படகு நாளை மறுநாள்தான் வரும். கணக்குச் சரியாக இருந்தது. ஆனால் மீன்களிடம் யாரும் சொல்லவில்லை. அறுபத்தொரு நாள் சும்மா இருந்த கடல், முதல் இரண்டு இழுப்பிலேயே படகை ரொப்பிவிட்டது. வலை தூக்க இடமில்லாமல் சமையல்காரனைக் கீழே இறங்கி நீந்தி வரச் சொன்னதாகக் கேள்வி. ஒரு நாள் முன்னதாக, மறுநாள் காலை ஒன்பது மணிக்கே பாஸ்கர் ஒரு கூடை சங்கரா மீனோடு மாடிப்படியில் நின்றான். பின்னால் எட்டு பேர். ஒன்பது பேர் தோளிலும் பை. எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யாத பை.

பிசின் வாடை படிக்கட்டு வரைக்கும் இறங்கியிருந்தது. பாஸ்கர் மூக்கைச் சுருக்கினான். "இன்னா இது, படகு உள்ள கீதா?"

"இன்னிக்கி அடுப்பு பத்த வைக்க முடியாதுப்பா. நாளைக்கி வச்சிக்கலாம்," என்றான் ரஞ்சித்.

"நாளைக்கி வேற படகுல இருப்போம்."

"கோச்சிக்காத. பிரியாணி வாங்கித் தரேன். ஆளுக்கு ரெண்டு பொட்டலம்."

"பிரியாணி திங்கறதுக்கு நான் ஏன் மாடி ஏறணும்?"

நீலா சமையலறைக்குப் போய் ஜன்னல்களைத் திறந்தாள். கேஸ் அடுப்பு, சிலிண்டர் இரண்டும் மணி வேலை செய்வதற்காக ஏற்கெனவே கூடத்துக்குப் போயிருந்தன. மீன் ஆயும் கத்தியை எடுத்து, மேடையின் ஓரத்தில், நீலத்துக்கும் கல்லுக்கும் நடுவில் குத்தினாள்.

"ஏய்! கல்லு கீறிடும்!" என்று ரஞ்சித் கத்தினான்.

நான் எட்டிப் பார்த்தேன். ஓரம் சுலபமாகத் தூக்கியது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. பட்டறைக்குப் பக்கத்தில் ஃபைபர் தொட்டி செய்கிறவர்கள் அச்சில் முதலில் மெழுகு தடவுவார்கள், ஒட்டாமல் முழுசாகக் கழன்று வருவதற்கு. இந்த மகாராஜன் தினம் மூன்று வேளை, ஒரு மாதம், தன் கையாலேயே மெழுகு தடவி வைத்திருக்கிறான். உப்புத்தாளும் வேண்டாம் என்றிருக்கிறான். உலகத்திலேயே விலை உயர்ந்த அச்சு எங்கள் வீட்டு மாடியில் இருந்தது.

"தோலு மாதிரி வருது. புடி, பாஸ்கரு," என்றாள் நீலா.

பாஸ்கரும் இரண்டு பேரும் விரலை உள்ளே விட்டு இழுத்தார்கள். கணவாய் மீனுக்குத் தோல் உரிப்பது போல, ஒரே இழுப்பு. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு வெட்டிய ஓட்டையோடு, ஓரத்து வளைவோடு, மேடை அளவுக்கு ஒரு நீலப் பலகை முழுசாகக் கையில் வந்தது. ரஞ்சித் கண்ணை மூடிக்கொண்டான். அவன் கல்யாணத்தன்று தாலி கட்டும்போது கூட இப்படித்தான் நின்றான்.

"அட, அம்சமா கீதே!" பாஸ்கர் அதைத் தட்டிப் பார்த்தான். "மொதலாளி, இத எங்கிட்ட குடு. படகுல மீன் பிரிக்க நல்லா இருக்கும். ஓட்டை வழியா கழிவை நேரா தள்ளிடலாம்."

இரண்டு பேர் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு இறங்கி, தெருவில் சாய்த்துவிட்டு ஏறி வந்தார்கள். அது போனதும் வாடையும் அதன் பின்னாலேயே போனது. ஆனாலும் நீலா அவசரப்படவில்லை. கல்லை நாலு தண்ணீர் விட்டுக் கழுவினாள். மின்விசிறிகளைப் போட்டாள். அடுப்பை மேடையில் ஏற்றிப் பற்றவைக்க இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் விட்டாள். அதுவரை ஒன்பது பேரும் கூடத்தில் பையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் தரையில் வைக்கவில்லை. ரஞ்சித் அந்தப் பைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கல் வந்த நாளிலிருந்து அவன் வேறு ஒரு பொருளை இவ்வளவு நேரம் பார்த்தது அதுவே முதல் தடவை.

பிறகு நீலா மீனை அந்தக் கல்லின் மேலேயே வைத்து ஆய்ந்தாள். மஞ்சளும் கல்லுப்பும் போட்டு அங்கேயே பிசறினாள். புளியைக் கரைத்தாள். கரைசல் விளிம்பில் வழிந்தது.

"நீலா, ஒரு துணியாவது போட்டுக்கோ," என்றான் ரஞ்சித்.

"துணி உன் தோள்ல கீது. நீயே போடு."

அவன் போடவில்லை. பாஸ்கர் பார்த்துக்கொண்டிருந்தான்.

குழம்பு கொதித்தது. புளியும் சங்கராவும் சேர்ந்து எழுப்பிய மணத்துக்கு எதிர்ச் சாரியில் ஒரு ஆள் வேலைக்கு லீவு போட்டதாக அப்புறம் சொன்னார்கள். நீலா சட்டியை இறக்கினாள். சமையலறையில் வேறு எங்கும் இடமில்லை, இருந்தாலும் தேடியிருக்கமாட்டாள். நேராகக் கல்லின் மேல் வைத்தாள். 'சுர்' என்று ஒரு சத்தம். ரஞ்சித்தின் தொண்டையிலிருந்தும் கிட்டத்தட்ட அதே சத்தம் வந்தது.

"நைனா, நீயும் குந்து," என்று என்னைக் கூப்பிட்டாள். படகில் போகாதவனுக்கு அந்தப் பந்தியில் இடமில்லைதான். நான் பரம்பரை வழக்கத்தையெல்லாம் மதிக்கிற ஆள். இரண்டு துண்டு மீன் போதும் என்று சொல்லி ஓரமாக உட்கார்ந்தேன்.

பாஸ்கர் முதல் கவளத்தை வாயில் போட்டான். மென்றான். எட்டு பேரும் அவனைப் பார்த்தார்கள். ரஞ்சித் சமையலறை வாசலில் நின்றான். பாஸ்கர் மடியிலிருந்த பையை எடுத்து முதுகுக்குப் பின்னால் சுவரோரமாகத் தள்ளிவிட்டு, சம்மணத்தைச் சரிசெய்துகொண்டான். எட்டுப் பைகளும் ஒவ்வொன்றாகச் சுவரோரம் போயின.

"மொதலாளி, நீ ஏன் போலீஸ்காரன் மாதிரி நின்னுகினு கீற? வந்து குந்து," என்றான்.

ரஞ்சித் வந்து உட்கார்ந்தான். ஒரு மாதமாகக் கீழ் வீட்டிலிருந்து ஏறி வந்த ஆறிய குழம்பைத் தின்றவன், மூன்று தரம் சோறு வாங்கினான். நாலாவது தரம் யாரும் பரிமாறக் காத்திருக்காமல் அவனே எழுந்து மேடைமேல் இருந்த சட்டியிடம் போனான்.

"படகுக்கு ஐஸு எத்தினி கட்டி சொல்லட்டும்? சாயங்காலமே ஏத்திட்டா விடிய கிளம்பிடலாம்," என்று பாஸ்கர் கேட்டான்.

ரஞ்சித்துக்கு வாய் நிறையச் சோறு. இடது கையில் தட்டு. வலது கையைத் தூக்கி ஐந்து விரலைக் காட்டினான், மடக்கி மறுபடியும் ஐந்து காட்டினான். எல்லா விரலிலும் குழம்பு. காட்டி முடித்த கையை எங்கே வைப்பது என்று யோசிக்காமல் கல்லின் மேல் ஊன்றிக்கொண்டு, அகப்பையைத் தேடினான்.

நான் பார்த்தேன். நீலாவும் பார்த்தாள். பார்த்துவிட்டு பாஸ்கர் பக்கம் திரும்பி, இன்னொரு மீன் வைக்கட்டுமா என்று கேட்டாள்.